கேட்டுக்கு உள்ளே

தேயிலைத் தோட்டப் பாதையில் கொழுந்து மூட்டைகளோடு பெண் தொழிலாளர்களையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றுகிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பிகூடக் கிடையாது. வளைவில் லாரி வந்து மோதினால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவு, 'பொது இடத்தில்' ஓடும் வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. தோட்டப் பாதை பொது இடமா என்று கோர்ட்டில் வாதாடுகின்றன இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். ஆலைக்குள் மட்டுமே ஓடும்படி தனி ரகமாக அமைத்த வண்டியோ, இந்தச் சட்டத்தின்படி மோட்டார் வாகனமே அல்லவாம்! மோதி முறிந்த கால் மட்டும் நிஜம்.

கேட்டைப் பூட்டுகிறவர் முதலாளி. வண்டியில் ஏறச் சொல்கிறவரும் அவரே. நஷ்டம் மட்டும் தொழிலாளி தலையிலா? 'பொது இடம்' என்ற வரம்பைச் சட்டத்திலிருந்து நீக்கவேண்டும், ஏறிச் செல்லும் தொழிலாளிக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று சர்க்காரைக் கோருகிறோம். டிராக்டர் பெட்டியில் ஆள் ஏற்றுவதை நிறுத்தச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்ட இன்ஸ்பெக்டர்கள் நாளைக்கே தொடங்கலாம்.