கைக்கேற்ற கோல்

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் என்றால், பிழைப்பைத் தேடி எட்டுத் திக்கும் போன பிள்ளைகளெல்லாம் ஊர் திரும்பும் காலம். பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதும் தேரிழுப்பதும் ஒரு புறம் இருக்க, "சார், சௌக்கியமா?" என்று பழைய மாணாக்கர்கள் வாசலில் வந்து நிற்பதும் எனக்கு அந்தத் திருவிழாவில் சேர்ந்ததுதான். இந்தத் தடவை அப்படி வந்தவர்களில் ஒருவன், நெஞ்சு உயரமுள்ள ஒரு நீண்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"இதென்னப்பா, வீணை கற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், கோல்ப்" என்றான், கொஞ்சம் வெட்கத்துடன்.

வெட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் கோல்ப் என்றால் துரைமார்களின் ஞாபகந்தான் வரும். 1829-இலேயே கல்கத்தாவில் கோல்ப் சங்கம் ஏற்படுத்தியவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ப் சங்கங்களில் அதுவே பழமையானது. நம் பக்கத்தில் கொடைக்கானலில் 1895-இல் ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துப் போகும்போது, தூண் பாறைக்குப் போகும் வழியில் அந்தப் பச்சைப் பசேலென்ற மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். குடிதண்ணீருக்குக் குடம் வரிசை வைத்துப் பழகிய எங்களுக்கு, பந்து உருளுவதற்காக இவ்வளவு புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார்களே என்று தோன்றாமல் இராது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கோல்ப் என்ற சொல்லில் முக்கால்வாசி கோல்தான். அந்த மட்டில் அது நமக்கு அவ்வளவு அந்நியமான வித்தையுமல்ல.

பையனின் கதை இது. சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றபோது தம் கோல்களை மலிவாக இவனிடம் தள்ளிவிட்டார். இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்து போய் அடிக்கிறான். பந்து நேரே போகமாட்டேன் என்கிறது. பத்துக்கு எட்டு இடது பக்கம் ஓடிவிடுகிறது. அதோடு முதுகில் வலி வேறு. கற்றுக்கொடுப்பவர், "உன் மணிக்கட்டு சரியில்லை" என்கிறாராம். "எனக்கு அந்தக் கை இல்லை போலிருக்கிறது, சார்" என்று முடித்தான்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு ஏனோ சுருக்கென்றது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் அடித்துக் காட்டினான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் சிலம்பம் கற்றுக்கொடுத்தவர். காற்றாட வந்தவர் அங்கே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பந்து போன திசையைப் பார்க்கவேயில்லை. பையன் அடித்த இடத்துக்குப் போய், மண்ணில் விழுந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, கோலோட குதிப்பக்கம் மட்டும் மண்ணைக் கிளறியிருக்கு. மூக்குப்பக்கம் தரையிலேயே படலை. இது யாருக்கு வெட்டின கம்பு?"

"எங்கள் மேலதிகாரியுடையது, தாத்தா. ஆறடிக்கு மேல் உயரம் அவர்."

"அப்ப பந்து அவர் பேச்சைத்தானே கேக்கும்!"

பெரியவர் வாழ்நாளில் கோல்ப் கோலைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் சென்னையில் இரண்டு வருஷம் ஒருவர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் ஐந்து நிமிஷத்தில் பட்டுவிட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சிலம்பத்தில் முதல் பாடமே அளவுதான். கம்பைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் அது ஆடுகிறவனுடைய நெற்றி மட்டத்துக்கு வரவேண்டும் என்பது நம் பக்கத்தில் வழங்கும் பொதுவான கணக்கு. புருவம் என்பாரும் உண்டு, காது என்பாரும் உண்டு. எப்படியானாலும் அளக்கும் கோல் அவனவன் உடம்புதான். "ஆனா நெத்தி அளவு ஆரம்பந்தான்" என்றார் பெரியவர். "பத்து நாள் சுத்த விட்டுப் பார்ப்பேன். நுனி தரையில் இடிக்குதா, விலாவில் உரசுதா, வேகமா சுத்தும்போது பிடி நழுவுதா? அதைப் பார்த்து ரெண்டு விரற்கடை வெட்டுவேன். இல்லேன்னா வேற கம்பு எடுத்துக் கொடுப்பேன்." வீச்சுக்கு மெல்லிய பிரம்பு, அடிக்குக் கனத்த மூங்கில், சிறுவனுக்கு ஒன்று, குமரனுக்கு ஒன்று என்று அவர் வீட்டுப் பரணில் ஒரு மூங்கில் காடே இருக்கிறது.

கோல்பிலும் ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை கோலின் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தால் ஆனது. மரம் என்றால் ஒன்றைப் போல் ஒன்று இராது. ஆகையால் கோல் செய்யும் தச்சர், வாங்க வந்தவரை ஆட்டிப் பார்க்கச் சொல்லி, தண்டை இழைத்து இழைத்து அவர் கைக்குப் பொருத்தமாக்கிக் கொடுப்பார். பிறகு எஃகுத் தண்டு வந்தது. 1929-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் அதை அங்கீகரித்தது. தொழிற்சாலைகளில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இலக்கமிட்ட கோல்கள் வந்து குவிந்தன. ஆட்டக்காரர்கள் இருபது, முப்பது என்று சுமக்கத் தலைப்பட்டார்கள். சுமந்தவர்கள் அவர்களல்ல, கூடப் போன பையன்கள் என்பது வேறு விஷயம். 1938-இல் அமெரிக்கச் சங்கமும் அடுத்த வருஷம் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கமும் பதினாலுக்கு மேல் கூடாது என்று விதி செய்தன. எண்ணிக்கைக்கு விதி வந்தது. ஆனால் அந்தப் பதினாலும் எவனோ ஒரு சராசரி மனிதனுக்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சராசரி மனிதனை நான் எந்த ஊரிலும் சந்தித்ததில்லை.

இழந்த அளவைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் ஸோல்ஹைம் என்பவர். நார்வே தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயந்திரப் பொறியாளர். கோல்ப் வராமல் திண்டாடி, கோலின் மீது சந்தேகப்பட்டு, 1959-இல் பிங் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். கோலைத் தரையில் வைக்கும்போது தண்டு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்குப் பல அளவுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணப் புள்ளி வைத்தார். ஆட்டக்காரருடைய இரண்டு அளவுகளைக் கொண்டு புள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்று உயரம். மற்றொன்று, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம். இந்த இரண்டாவது அளவுதான் சூட்சுமம். உயரமானவருக்குக் கை நீளமாக இருந்தால் அவருடைய மணிக்கட்டும் குட்டையான ஒருவருடைய மணிக்கட்டும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். உயரத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால் இருவரில் ஒருவர் ஏமாந்து போவார்.

சித்திரையில் பையனிடமிருந்து கடிதம் வந்தது. கைப்பேசிச் செய்தியில்லை, கடிதமே வந்தது. அது இந்தப் பத்திக்கு நான் தேடினாலும் கிடைக்காத சரக்கு. கோல் பொருத்துகிறவர் ஒருவரிடம் போனானாம். அவர் மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டு, "இது போதாது, அடித்துக் காட்டுங்கள்" என்றாராம். கோலின் அடிப்பாகத்தில் ஒரு நாடாவை ஒட்டி, கெட்டியான ஒரு பலகையின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். அடித்த பிறகு நாடாவில் தேய்ந்த அடையாளம் நடுவில் இருந்தால் சாய்வு சரி. குதிப்பக்கம் இருந்தால் கோல் மிதமிஞ்சி நிமிர்ந்திருக்கிறது, வலக்கை ஆட்டக்காரனுடைய பந்து இடது பக்கம் போகும். மூக்குப்பக்கம் இருந்தால் படுத்துவிட்டது, பந்து வலது பக்கம் போகும். பையனுடைய அடையாளம் குதியில் இருந்தது. அதாவது, பெரியவர் மண்ணில் படித்ததையே அவர் நாடாவில் படித்தார். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்க ராடார் கருவி ஒன்றும் இருந்ததாம். அதுவும் பெரியவர் கட்சியையே ஆதரித்தது.

மேலும் எழுதியிருந்தான். தண்டு விறைப்பாக இருந்து வீச்சு மெதுவாக இருந்தால் பந்து தாழ்ந்து வலது பக்கம் நழுவுமாம். பிடி பருத்திருந்தால் மணிக்கட்டு திரும்பத் தயங்கும், மெலிந்திருந்தால் அவசரப்படும். "நீளத்தையும் சாய்வையும் இப்போதே திருத்திவிடலாம். தண்டை மாற்றுவது வேண்டாம். உங்கள் வீச்சு இன்னும் நிலைப்படவில்லை, ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். வியாபாரியாக இருந்தும் விற்காமல் அனுப்பிய மனிதர்! பத்து நாள் சுற்ற விட்டுப் பார்க்கும் எங்கள் பெரியவருக்கு இவர் சகபாடி என்று எண்ணிக்கொண்டேன். தப்பான வீச்சுக்குக் கோலைப் பொருத்திக் கொடுத்தால், தப்பு அங்கேயே குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும் அல்லவா?

கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். சக ஆசிரியர் ஒருவர் ஒப்பவில்லை. "இதெல்லாம் காசு படைத்தவர்களின் சாக்கு. அலி ஷேர் எந்தக் கோலை அளந்து வாங்கினார்?" என்று மடக்கினார். கேள்வி நியாயமானதுதான். இந்தியன் ஓபன் பந்தயத்தை நம்மவர் முதலில் வென்றது 1965-இல். வென்ற பி. ஜி. சேத்தி தொழில்முறை ஆட்டக்காரரல்ல. தொழில்முறை ஆட்டக்காரர்களில் முதலில் வென்ற இந்தியர் அலி ஷேர்தான், 1991-இல். டில்லியில் பிறருடைய பையைச் சுமந்து பிழைத்தவர் அவர். 2009-இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை சுமந்தவரே. பை சுமக்கும் பிள்ளைகள் கழித்துப்போட்ட கோல்களைக் கொண்டு ஆடப் பழகுவதே இந்த நாட்டு வழக்கம்.

ஆனால் வென்றவர்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். கழித்துப்போட்ட கோலைப் பிடித்து, பந்து இடது பக்கமே போக, "எனக்கு அந்தக் கை இல்லை" என்று மைதானத்தை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புஸ்தகத்திலும் எழுதவில்லை. அப்படிப் போனவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். அவனை அனுப்பியவன் நான்.

பல வருஷங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தாய் தகப்பன் இருவரும் சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். பையனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்த மட்டைகள் நான்கு. நான்கும் பெரியவர்கள் ஆடும் முழு அளவு. கிரிக்கெட் மட்டையில் 1 முதல் 6 வரை இலக்கங்களும், அதன் மேல் ஹாரோ என்று ஒன்றும், பிறகே முழு அளவும் உண்டென்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்து என்ன பிரயோஜனம்? நாலரை அடிப் பையன் கனத்த மட்டையைத் தூக்குவதற்குள் பந்து வந்துவிடும். அவசரத்தில் குறுக்கே வீசுவான், ஸ்டம்பு போய்விடும். ஒரு பருவம் முழுதும் பார்த்துவிட்டு, "உனக்குக் கை வரவில்லையடா, நீ ஓட்டக் கணக்கு எழுது" என்று நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்தேன். மிகவும் ஒழுங்காக எழுதினான். அழகான கையெழுத்து.

அடுத்த வருஷம் எனக்கே சந்தேகம் தட்டி, தச்சரைக் கூப்பிட்டு இரண்டு மட்டைகளின் கைப்பிடியை அறுக்கச் சொன்னேன். மட்டை குட்டையாயிற்றே தவிர கனம் குறையவில்லை. சம்மட்டியைப் போல் ஆகிவிட்டது. குழந்தைகளுக்காகப் பெரியவர்களுடைய கோல்ப் கோலை அறுத்துக் கொடுப்பதிலும் இதே சங்கடந்தான் என்று இப்போது தெரிகிறது. தலையின் கனம் அப்படியே இருக்கும், தண்டோ முன்னிலும் விறைத்துப் போகும். அறுப்பதும் பொருத்துவதும் ஒன்றல்ல என்று அன்று எனக்குச் சொல்வாரில்லை. பெரியவர் அப்போதும் இதே தெருவில்தான் இருந்தார். கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பையன் இன்று சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். பள்ளிக்கூட ஆண்டு மலர் அச்சிடும் விஷயமாகப் போனபோது பார்த்தேன். காலடியில் ஒரு மரப் பலகை போட்டு அதன் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். "மெஷின் எனக்குக் கொஞ்சம் உயரம், சார். வந்த முதல் நாளே பலகை போட்டுக்கிட்டேன்" என்றான் சிரித்துக்கொண்டே. கிரிக்கெட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த வருஷ விளையாட்டுச் சாமான்களுக்கு நாலாம் இலக்கத்தில் இரண்டு, ஐந்தாம் இலக்கத்தில் இரண்டு, ஆறாம் இலக்கத்தில் ஒன்று என்று மட்டைகளுக்கு எழுதிப்போட்டேன். "ஒரே விளையாட்டுக்கு மூன்று அளவு எதற்கு?" என்று கேட்டுக் காகிதம் திரும்பி வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தையற்காரரிடம் இரவல் வாங்கிய நாடாவால் உயரத்தையும் மணிக்கட்டு மட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு பேர் ஆகியிருக்கிறது, இன்னும் இருபத்தொரு பேர் பாக்கி. முடிந்ததும் அந்தப் பட்டியலையே பதிலாக அனுப்புவதாக உத்தேசம்.