வாடகையில்லாத வீடு

புனேயில் நகர் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் கராடி. ஒரு காலத்தில் முளா-முட்டா நதிக்கரைக் கிராமம். இப்போது இயான் ஐ.டி. பார்க், உலக வர்த்தக மையம் என்று வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், சமீபத்தில் நான் போயிருந்தபோது, தபால்காரருக்காகக் காத்துக் கொண்டிருந்தார். நாள் முழுவதும் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் ஆசாமி காகிதக் கடிதத்துக்குத் தவம் கிடப்பது வேடிக்கையாக இருந்தது. விசாரித்தேன்.

மூன்று வருடமாக கூகுளின் பிளாகரில் தமிழில் எழுதி வருகிறார். இடம் இலவசம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் புனேயிலிருந்து எந்த மாதம் டிக்கெட் கிடைக்கும், சந்தன் நகர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் என்றைக்கு வரும், தமிழ்க் குடும்பம் என்றால் வீட்டுக்காரர் என்னென்ன கேட்பார் என்கிற மாதிரி சமாச்சாரங்கள். ஓரத்தில் கூகுள் விளம்பரம் ஓடும். அந்த வருமானத்தில் இவருக்கும் பங்கு உண்டு. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், விலாசம் நிஜம்தானா என்று பார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைத் தட்டச்சு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நூறு டாலர் சேரும்வரை காசு கைக்கு வராது. இவர் பத்தைத் தொட்ட வாரம் வீடு மாற்றிவிட்டார். எண் பழைய விலாசத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"மூணு வருஷம் எழுதினதுக்கு எண்ணூத்திச் சொச்சம் ரூபா சார். அதையும் தொலைச்சுட்டேன் போலருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இலவச இடத்தில் எழுதி விளம்பரத்தில் சம்பாதிப்பது இன்டர்நெட்டின் ஆதிக் கனவுகளில் ஒன்று. முதலில் சம்பாதித்தவர்கள் இடம் கொடுத்தவர்கள், எழுதியவர்கள் அல்ல. அமெரிக்காவில் 1994-ல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இதற்கு நல்ல உதாரணம். யார் வேண்டுமானாலும் வரலாம், காலி மனையில் வீடு கட்டிக் கொள்ளலாம். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர் பித்தர்களுக்கு சிலிக்கன் வேலி, இலக்கியம் தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஏதென்ஸ் என்று பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். 1997-ல் எல்லா வீட்டு வாசலிலும் விளம்பரத் தட்டி வைக்கத் தொடங்கினார்கள். தட்டி வைத்த காசு மனைக்காரருக்கு.

அந்த ஏதென்ஸ் பேட்டையில் நம்மவர் வீடு ஒன்றும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் தமிழ் மின்னூலகத்தை அங்கேதான் வைத்திருந்தார். தமிழ் எழுத்துருவை இறக்கிக்கொள்வதே பெரும்பாடாக இருந்த காலம். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களோடு இன்றும் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, வருமானமும் கிடையாது.

1999 ஜனவரியில் யாஹூ, ஜியோசிட்டீஸை சுமார் 357 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. குடியிருந்தவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர். வீடு கட்டி, வெள்ளையடித்து, கூட்டம் சேர்த்தவர்களுக்கு இந்த விற்பனையில் சல்லிக்காசு பங்கில்லை. போதாக்குறைக்கு அந்த வருடம் ஜூனில் புதிய நிபந்தனைகள் வந்தன. பக்கங்களில் உள்ள எழுத்து, படம் எல்லாவற்றையும் யாஹூ இஷ்டப்படி பயன்படுத்திக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். குடியிருந்தவர்கள் கொதித்தார்கள், பலர் தங்கள் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கினார்கள். யாஹூ பின்வாங்கியது. இலவச வீட்டுக்காரர்கள் ஜெயித்த அபூர்வமான சண்டை அது.

இன்னொரு மனைக்காரரான டிரைபாட் செய்த கைங்கரியம் வேறு. ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டது. கம்பெனி அலறியது. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று காட்ட, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும்படி நிரல் எழுதினார் ஈதன் ஜுக்கர்மன். உலகத்தையே எரிச்சல்படுத்திய 'பாப்-அப்' பிறந்த கதை இது. 2014-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கட்டுரை எழுதினார். இலவசம் என்றாலே விளம்பரம், விளம்பரம் என்றாலே ஆளை வேவு பார்ப்பது என்று போய்ச் சேர்ந்ததுதான் மூலப் பாவம் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் காசு கொடுத்து இடம் வாங்கித்தான் எழுத வேண்டும் என்றிருந்தால் தமிழில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

குடித்தனக்காரருக்கும் பங்கு என்கிற ஏற்பாடு 2003-ல் பரவலானது. பிப்ரவரியில் பிளாகரை வாங்கிய கூகுள், ஜூனில் ஆட்சென்ஸைத் தொடங்கியது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரமே படித்து, பொருத்தமான விளம்பரம் போடும். 2010-ல் கூகுள் தானே சொன்ன கணக்குப்படி பக்கத்துக்காரருக்கு 68 சதவீதம். 2024-ல் கணக்குப் போடும் முறை மாறியது. க்ளிக்குக்குப் பதில் விளம்பரம் கண்ணில் படுவதற்கே காசு. பங்கு ஏறக்குறைய அதேதான்.

ஆனால் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வலைப்பதிவுகள் கிடுகிடுவென வளர்ந்து, அவற்றைத் திரட்ட 2004-ல் தமிழ்மணம் வந்து, பலர் எழுதி ஓய்ந்தும் போன பிறகு, 2018 பிப்ரவரியில்தான் ஆட்சென்ஸ் பட்டியலில் தமிழ் சேர்ந்தது. இந்தி 2014-லேயே சேர்ந்துவிட்டது. உற்சாகம் கரைபுரண்ட அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு வாசல் மூடியிருந்தது. கதவு திறந்தபோது கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் போய்விட்டிருந்தது.

திறந்த கதவுக்கு உள்ளேயும் நடப்பது ஏலம். பக்கம் திறக்கும் கண்ணிமைப் பொழுதில் அந்தக் காலி இடத்துக்கு விளம்பரதாரர்கள் விலை கேட்கிறார்கள். இந்த ஏலத்தை நடத்தும் கம்பெனிகளில் ஒன்றான பப்மேட்டிக், 2006-ல் தொடங்கியதிலிருந்து புனேயில் பெரிய இன்ஜினீயர் பட்டாளத்தை வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. ஆங்கிலத்தில் இன்ஷூரன்ஸ் பற்றி எழுதினால் போட்டி போட்டு விலை கேட்பார்கள். தமிழில் கராடி முருங்கைக்காய்க்கு யார் கேட்பார்கள்? உலகத்து விளம்பர இடங்களுக்கு விலை வைக்கும் அதே ஊரில் நம் நண்பர் மூன்று வருடத்துக்குப் பத்து டாலர் பார்த்திருக்கிறார்.

அவரிடம் நான் கேட்டது வேறு விஷயம். எழுதியதற்கெல்லாம் பிரதி இருக்கிறதா? இல்லை என்றார். ஜியோசிட்டீஸ் கதையின் முடிவைச் சொன்னேன். 2009 அக்டோபரில் யாஹூ அதை இழுத்து மூடியது. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாக இறக்கி வைத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. மிச்சம் போயே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு போன் செய்தார். கடிதம் கிடைத்துவிட்டதாம். பழைய குடியிருப்பின் வாட்ச்மேன் கரன்ட் பில்களோடு சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான்கு மாதக் கெடுவில் ஒன்பது நாள் பாக்கி. வாட்ச்மேனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தாராம்.

"பிரதி எடுத்தீர்களா?"

"எடுத்துட்டேன் சார். மூணு வருஷமும் ஒரே ஃபைல்ல அடங்கிருச்சு. ஒரு போட்டோ அளவுகூட இல்லை."