ஏரியும் கிணறும்

செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாய் அங்கீகாரம் பெற்றது. மராத்தியர் கோட்டைகளெனத் தெரிந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டனுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இஃதொன்றே. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முயன்றே இதனைக் கைக்கொண்டது. மதிலின் உயரத்தைப் புகழ்வோர் பலர். பாறைமேற் பெய்த மழையைச் சுனைகளிலும் குளங்களிலும் தேக்கிய ஏற்பாட்டை எண்ணுவோர் சிலரே. நீரில்லாக் கோட்டையை எவ்வளவு காலம் காக்கலாகும்?

கோட்டைக்குப் புறத்தேயுள்ள குடியானவர் நிலையும் அதுவே. இம்மலைகளிற் பெய்யும் மழை நில்லாது ஓடிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வருவதை ஏரி பிடித்து நிறுத்தினாலன்றித் தையில் நெற்பயிருக்கும் மல்லாட்டைக்கும் நீரில்லை. மேலூர் ஏரியின் கலிங்கு வழிந்தால் கீழூர் ஏரி நிரம்பும்; எஞ்சியது சங்கராபரணியாய் வீடூர் அணையைச் சேரும். 1959-இல் எழுந்த அவ்வணையின் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சார்ந்தது. ஆதலின் ஓரூரார் தம் வரத்துக்காலைப் பேணுவதும் பேணாமையும் அவ்வூரோடு முடிவனவல்ல.

குடிமராமத்து என்னும் வழக்கம் முன்னர் இக்காரியத்தை நடத்தியது. 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அதனைக் கட்டாயமாக்கவும் சென்னை அரசாங்கம் முயன்றது. 2017-இல் அப்பெயரே புத்துயிர் பெற்று, ஏரிகள் பல தூர்வாரப்பட்டன. நல்லதே. ஆயினும் இயந்திரம் வண்டலை அள்ளுமேயன்றி, மதகைக் காவாது. பங்கீட்டு வழக்கையும் தீர்க்காது.

ஊரார் ஏரியைக் கைவிட்டதற்குச் சோம்பலே காரணம் என்பாரும் உளர். யான் அவ்வாறு கருதேன். காரணம் கிணறு. சொந்தக் கிணறும் விலையில்லா மின்சாரமும் உடையான் ஏரிக்கரைக்கு ஏன் வருவான்? அவன் வாராதொழியவே சங்கம் வலுவிழக்கும். ஆனால் இக்கற்பாறை நிலத்திலே நீர் தங்குவது மேற்படையிலும் பாறை வெடிப்புகளிலுமே. ஏரியிலிருந்து கசிந்த நீரே அக்கிணற்றின் ஊற்றிற் பெரும்பகுதி. ஏரி வறண்டால் முதலில் நலிபவன் கிணறில்லாத ஒன்றரை ஏக்கர்க்காரன். அவன் அயலானிடம் நீரை விலைக்கு வாங்குவான். அன்றேல் நிலத்தைத் தரிசாய்விட்டுச் செங்கற்சூளைக்குப் போவான். கிணற்றுக்காரன் பின்னும் ஆழத் துளையிட்டுச் சில வருஷம் கரும்பு பயிரிடுவான். பிறகு அவன் துளையும் வற்றும்.

ஆகவே ஏரிச்சங்கத்தில் ஆயக்கட்டுதாரரேயன்றிக் கிணற்றுக்காரரும் அங்கத்தினராய், பம்பு ஒன்றுக்கு இவ்வளவென வரி செலுத்தல் வேண்டும். வண்டல்மண் சிறுநிலத்தார்க்கு முதலில் கிடைத்தல் வேண்டும். மேட்டில் தடுப்பணை கட்டுவோர் கீழூராரைக் கலந்தே கட்டுக. "என் நிலம், என் கிணறு" என்பார்க்கு விடை எளிது: நிலம் அவருடையதே, ஊறும் நீர் அவர் வரப்புக்குள் பெய்ததன்று. அயலிலுள்ள புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்பில், நிலமில்லாரும் பெண்டிரும் சங்கங்களிற் சேர்க்கப்பட்டனர். நமக்கும் அது கூடாததன்று.

நம் மாணவர் இக்கோடை விடுமுறையில் தத்தம் ஊர் வரத்துக்காலைத் தலைமுதற் கடைவரை நடந்து, ஆக்கிரமிப்பு எங்கே, முள்வேலம் எங்கே, கிணறு எத்தனை என எழுதிக் கொணர்வாராக. ஐப்பசிக்கு முன்னரே அக்கணக்கு ஊர்ச்சபையார் கையிற் சேரலாம்.