பச்சை விளக்கு எரிகிறது, பிரஸ் நிற்கவில்லை

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு சென்னைக்கு மேற்கே ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அப்ரண்டிஸாக இருக்கிறான். "அண்ணா, நம்ம காலனி பையனுக்கு விரல் போச்சு இல்ல, அந்த மெஷின்ல லைட் கர்ட்டன் மாட்டிட்டாங்க. இனிமே பயம் இல்லண்ணா" என்றான். குரலில் அவ்வளவு நிம்மதி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "பெடலை மிதிச்ச பிறகு பிரஸ்ஸைப் பாதியில நிறுத்த முடியுமா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முடியாதுண்ணா. ஒரு சுத்து முடிச்சுட்டுதான் நிக்கும்."

அப்படியென்றால் அந்தத் திரை அங்கே வெறும் அலங்காரம்.

லைட் கர்ட்டன் என்பது இரண்டு தூண்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களை அனுப்பும், எதிரே இருப்பது வாங்கும். நடுவில் கை போனால் கதிர் அறுந்து இயந்திரத்துக்கு 'நில்' என்று உத்தரவு போகும். அது கையைத் தடுப்பதில்லை. உத்தரவு மட்டும்தான் போடும். அதைக் கேட்டு நிற்கக்கூடிய இயந்திரமாக இருந்தால்தான் விரல் தப்பும். பழைய பின் கிளட்ச், கீ கிளட்ச் பிரஸ்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஒருமுறை கிளட்ச் மாட்டிவிட்டால் ராம் கீழே இறங்கி, ஏறி, முழுச் சுற்றும் முடித்தே தீரும். இந்த வகை பிரஸ்ஸில் இப்படிப்பட்ட சென்சார் காவலைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்காவின் பிரஸ் பாதுகாப்பு விதி வெளிப்படையாகத் தடை போட்டிருக்கிறது.

பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு நம்பகமான காவல் டையைச் சுற்றி இரும்புக் கூண்டு. தகடு நுழையும், விரல் நுழையாது. கம்பெனியிலேயே வெல்டிங் அடிக்கிற ஆள் செய்து கொடுத்துவிடுவார். திரையைவிட விலையும் குறைவு. பிறகு ஏன் திரை வாங்கினார்கள்? கூண்டு போட்டால் தகடு வைத்து எடுப்பது தாமதமாகும், ஷிஃப்ட் எண்ணிக்கை குறையும். திரையோ வேகத்தைக் குறைக்காது. ஆடிட்டுக்கு வருகிறவர் கண்ணுக்குப் பச்சை விளக்கும் தெரியும். வேகம் குறையக்கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டு அப்புறம் பாதுகாப்பைத் தேடினால் இதுதான் கிடைக்கும்.

ஏர் கிளட்ச் உள்ள பிரஸ் பாதியில் நிற்கும். அங்கே திரை உதவும். அங்கேயும் கணக்கு இருக்கிறது, பள்ளிக்கூடக் கணக்குதான். டைக்கு அருகில் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாயும் என்று ஐ.எஸ்.ஓ. 13855 தரம் வைத்துக்கொள்கிறது. கதிர் அறுந்ததிலிருந்து ராம் முழுதாக நிற்கும்வரை 0.2 நொடி ஆகிறதென்றால் அதற்குள் கை 400 மில்லிமீட்டர் போய்விடும். ஆகவே விரலையே கண்டுபிடிக்கும் 14 மி.மீ. திரை என்றாலும், ஆபத்தான இடத்திலிருந்து 400 மி.மீ. தள்ளித்தான் நிறுத்த வேண்டும். உள்ளங்கையை மட்டும் கண்டுபிடிக்கும் 30 மி.மீ. திரை விலை குறைவு, ஆனால் அதே பிரஸ்ஸில் அதை 500 மி.மீ. தள்ள வேண்டும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், தூரமும் போதாமல் போகும். அதனால் நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளந்து எழுதி வைக்க வேண்டும். ஆபரேட்டர் எட்டி வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று ஒரு சாண் தூரத்தில் திரையை மாட்டினால், விரல் போன பிறகுதான் மெஷின் நிற்கும்.

இன்னும் இரண்டு ஏமாற்று வேலைகள். திரைகளில் டைப் 2, டைப் 4 என்று உண்டு. டைப் 4 தன் பழுதைத் தானே விடாமல் சோதித்துக்கொண்டிருக்கும், டைப் 2 இடைவெளி விட்டுத்தான் சோதிக்கும். பிரஸ்ஸுக்கு டைப் 4 வேண்டும். பொருள் எண்ணுவதற்கு என்று விற்கிற சாதாரண சென்சாரைக்கூடத் திரை என்று மாட்டிவைக்கிறார்கள். அடுத்தது பைபாஸ் சாவி. நல்ல திரையையே அணைத்துவிட்டு ஓட்ட வழி செய்யும் அந்தச் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில் அது சூப்பர்வைசரிடம் இருக்கும், மாதக் கடைசியில் அதற்கு வேலை அதிகம்.

இது எஞ்சினியர் விஷயம், நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பிரஸ் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? காண்ட்ராக்டர் வேனில் காலனியிலிருந்து ஏறுகிற பிள்ளைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அளவு பார்க்கிற மேசைக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் வேறு தெருவிலிருந்து வருகிறார்கள். விபத்துப் படிவம் வயதைக் கேட்கும், சாதியைக் கேட்காது. அதனால் என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. நான் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர்களின் முகவரிகள் இருக்கின்றன. திரையின் மாடலைத் தேர்ந்தெடுக்கிறவர் கை ஒருநாளும் டைக்குள் போவதில்லை. கை போகிறவனை யாரும் கேட்பதில்லை. கழிவுநீர் இயந்திரம் வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டு ஆளைக் குழியில் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஹரியானாவின் மானேசர், குருகிராம் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிடுகிறது. அங்கும் விரலை எடுப்பதில் முன்னால் நிற்பது பவர் பிரஸ்தான்.

சட்டத்தில் விரலுக்குக் கணக்கு இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, முழு சுட்டுவிரல் 14, சுண்டுவிரல் 7. மெடிக்கல் போர்டு முன்னால் அந்தத் தம்பி கையை நீட்டியபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். கம்பெனி அறிக்கையில் காரணம் 'கவனக்குறைவு'. எட்டு மணி நேரமும் ஒரே பெடலை மிதிக்கிறவன் எப்போதாவது கவனம் தவறுவான், அதற்காகத்தான் காவல். ஆபத்தான பாகம் ஓடுகிறபோது காவல் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. தொழிலாளி கவனமாக இருந்தால் காவல் தேவையில்லை என்று அதில் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆக 10 பேர் போதும் என்பது 20 பேர் ஆகிவிட்டது. பின் கிளட்ச் பிரஸ்கள் அதிகம் ஓடுவதே இப்படிப்பட்ட சின்னப் பட்டறைகளில்தான்.

அப்ரண்டிஸ் போகிற தம்பி தங்கைகள் ஒரு அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் என்ன வகை, நிற்கும் நேரத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள், டையிலிருந்து திரை எத்தனை மி.மீ., சாவி யாரிடம் என்று குறித்துவையுங்கள். தனியாகப் போய் மேலாளரிடம் கேட்டு வேலையை இழக்க வேண்டாம். குறிப்பைச் சங்கத்திடமோ எங்களிடமோ கொடுங்கள், கடிதம் எங்கள் பெயரில் போகும்.

போன் செய்த தம்பி அப்படித்தான் அனுப்பினான். வரிசையில் ஆறு பிரஸ். இரண்டு ஏர் கிளட்ச், திரைகள் 160 மி.மீ. தூரத்தில். மற்ற நான்கும் பின் கிளட்ச். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு வெள்ளிக்கிழமை மனு கொடுத்திருக்கிறோம். விரல் போன மெஷினில் இப்போது வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான், பத்தொன்பது வயது. திரை இருப்பதால் பயமில்லாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார்களாம்.