ரீஃபண்டில் பங்கு வாங்க மாட்டோம்

அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வட்டாரத்தில் தனியாக வரிக்கணக்குத் தாக்கல் செய்து கொடுப்போரின் நிலைப்பாட்டு அறிக்கை

வாடிக்கையாளருக்கு வரும் வருமானவரி ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை எங்கள் அமைப்பு எதிர்க்கிறது. எங்கள் உறுப்பினர் எவரும் அப்படி வாங்கக் கூடாது. கட்டணம் எவ்வளவு என்பதை ஃபாரம் 16-ஐக் கையில் வாங்கும்போதே ரூபாயில் சொல்லிவிட வேண்டும். ரீஃபண்ட் வந்தாலும், வராவிட்டாலும், மேற்கொண்டு வரி கட்ட நேர்ந்தாலும் அதே தொகைதான். கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை, எடுக்காத பாலிசி ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லும் ரிட்டர்னை நாங்கள் போட்டுத் தர மாட்டோம். அதனால் அந்த வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போனாலும் சரி.

எங்களில் பெரும்பாலோர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அல்ல. பி.காம் படித்துவிட்டு ஆடிட்டர் அலுவலகங்களில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு மேசையும் கணினியும் போட்டு உட்கார்ந்தவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், ஐடி கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வரும் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலரும் எங்களிடம் வருகிறார்கள். இவர்களில் பலர் எங்களை “ஆடிட்டர் சார்”, “ஆடிட்டர் மேடம்” என்றே அழைக்கிறார்கள். அன்பினால் அழைக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் பெயர்ப் பலகையில் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள எங்களுக்கு உரிமை கிடையாது. எழுதியிருப்பவர்கள் அழித்துவிட வேண்டும்.

இந்த அறிக்கை ஏன் தேவைப்பட்டது? ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் மேசைக்கு வரும் முதல் கேள்வி, “சார், எனக்கு எவ்ளோ வரும்?” என்பதுதான். அடுத்த கேள்வி இன்னும் கடினம்: “எங்க செக்‌ஷன்ல ஒருத்தருக்கு அறுபதாயிரம் வாங்கிக் குடுத்திருக்காங்க. அதே கிரேடு, அதே சம்பளம். நீங்க எட்டாயிரம்னு சொல்றீங்களே?” இதற்கு நேர்மையான பதில், அந்த அறுபதாயிரம் எந்தக் கழிவைக் காட்டி வந்தது என்று கேட்பதுதான். பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை. பான் எண், பாஸ்வேர்டு, வந்த ஓடிபி மூன்றையும் கொடுத்தார், பணம் வந்தது, பத்து சதவீதத்தைக் கொடுத்தார். கேன்டீனில் சொன்னார். அடுத்த வாரம் பத்துப் பேர் அங்கே போனார்கள்.

2025 ஜூலை 14 அன்று வருமானவரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும் சிலரும் இடைத்தரகர்களும் கூட்டாகச் சேர்ந்து பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்து வந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. கமிஷனுக்காகக் கூடுதல் ரீஃபண்ட் ஆசை காட்டினார்கள் என்று துறை தன் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியது. அதற்கு முன்பு தேடுதல் நடந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. பன்னாட்டு நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் இதில் சிக்கியிருந்தார்கள். வீட்டு வாடகைப் படியில் தொடங்கி, அரசியல் கட்சி நன்கொடைக்கான 80ஜிஜிசி, கல்விக் கடன் வட்டிக்கான 80இ, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, அறக்கொடைக்கான 80ஜி வரை பல பிரிவுகளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் துறை சொன்னது.

அந்த அறிக்கையில் எங்களை மிகவும் வருத்தியது ஒரு சிறு விவரம். மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டிருக்கிறார்கள். துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. தன் மேல் நடவடிக்கை ஆரம்பித்ததுகூடத் தெரியாமல் ஒருவர் ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டிருப்பார். பதில் சொல்ல வேண்டிய கெடு அதற்குள் முடிந்திருக்கும்.

சதவீதக் கூலிதான் இதற்கெல்லாம் வேர் என்கிறோம். தயாரிப்பவரின் வருமானம் ரீஃபண்டோடு ஏறுமானால், கணக்கு சரியாக இருப்பதில் அவருக்கு அக்கறை இருக்காது, தொகை பெரிதாவதில்தான் இருக்கும். விளைவோ முழுக்க வாடிக்கையாளர் தலையில். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொய்க் கழிவால் 40,000 ரூபாய் கூடுதலாக வந்தது. அதில் 4,000 தயாரித்தவருக்கு. பின்னால் துறை கண்டுபிடித்து, வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக 270ஏ பிரிவில் அபராதம் விதித்தால், அது வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 80,000. எடுத்த 40,000-ஐயும் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி தனி. ஒன்றேகால் லட்சத்தை நெருங்கும் சுமை ஒருவருக்கு. நாலாயிரம் வாங்கியவருக்குப் போன் எண் மாறியிருக்கும். பொய்யான ரிட்டர்னுக்குத் தூண்டியவரையும் தண்டிக்கச் சட்டத்தில் 278ஆம் பிரிவு உண்டு. ஆனால் ரிட்டர்னில் அவர் பெயரே இல்லாதபோது அவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

பொய்யே இல்லாத ரிட்டர்னிலும் சதவீதம் அநியாயம்தான். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர் ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை. 75,000 நிலைக்கழிவு போக, 12 லட்சம் வரைக்குமான வரி 87ஏ தள்ளுபடியில் முழுவதும் நீங்கிவிடுகிறது. இந்த வட்டாரத்துத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இதற்குள் வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பொய்க் கழிவால் ஒரு ரூபாய்கூட லாபமில்லை. சம்பளத்திலோ டெபாசிட் வட்டியிலோ வரி பிடித்திருந்தால், சரியாக ரிட்டர்ன் போட்டாலே அத்தனையும் திரும்பி வரும். அது அவர் உழைத்த பணம். அதில் பத்திலொரு பங்கை ‘வாங்கிக் கொடுத்ததற்காக’ எடுத்துக்கொள்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

“பன்னெண்டு லட்சம் வரைக்கும் டேக்ஸ் இல்லைன்னாங்களே, அப்புறம் எதுக்கு ஃபைல் பண்ணணும்?” என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 12 லட்சம் என்பது தள்ளுபடியின் எல்லை. புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம். அதற்கு மேல் வருமானம் இருந்தால் வரி பூஜ்யமானாலும் ரிட்டர்ன் போட வேண்டும். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் பணம் விட்ட இளைஞர்கள், “நஷ்டம்தானே, அதை எதுக்குக் காட்டணும்” என்கிறார்கள். காட்டித்தான் ஆக வேண்டும். கெடு தேதிக்குள் காட்டினால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆண்டு நடுவில் கம்பெனி மாறியவர்கள் இரண்டு ஃபாரம் 16-ஐயும் கொண்டுவர வேண்டும். இரண்டு முதலாளிகளும் தனித்தனியே விலக்கு கொடுத்திருப்பார்கள். சேர்த்துப் பார்க்கும்போது வரி வரலாம். ரீஃபண்ட் எதிர்பார்த்து வந்தவரிடம் “நீங்கள் கட்ட வேண்டும்” என்று சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான பகுதி. சதவீதத்துக்கு வேலை செய்பவர் அதைச் சொல்லவே மாட்டார்.

வீட்டு வாடகைப் படி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய முறையில் மட்டுமே அந்தக் கழிவு உண்டு. ரீஃபண்ட் தரகர்கள் வாடிக்கையாளரைக் கேட்காமலேயே பழைய முறைக்கு மாற்றுவது இதற்காகத்தான். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவருக்கும் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் வாடகைக் கழிவு போட்ட ரிட்டர்ன்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்பா அம்மாவுக்கு வாடகை கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். வீடு அவர்கள் பெயரில் இருந்து, பணம் உண்மையிலேயே அவர்கள் கணக்குக்குப் போய், அவர்களும் அதை வருமானமாகக் காட்டினால். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். சென்னைக்குள் வீடு என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, வெளியே என்றால் 40 என்பதும் இந்தப் பக்கத்தில் முக்கியம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. வீடு எந்தத் தெருவில் என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடும் யாரையும் நம்ப வேண்டாம்.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு வந்தது. கையில் காசில்லாதவர் முன்கூட்டியே எப்படிக் கட்டணம் தருவார், ரீஃபண்ட் வந்ததும் கொடுக்கட்டுமே என்றார்கள் சில உறுப்பினர்கள். நியாயமான கவலை. பணம் பிறகு வாங்கலாம், இரண்டு தவணையாகவும் வாங்கலாம். தொகை மட்டும் முதலிலேயே முடிவாகி, ரசீதில் இருக்க வேண்டும். காத்திருப்பதற்காக அதை ஏற்றக் கூடாது.

வருமானவரித் துறையிடம் எங்கள் கோரிக்கை நேரானது: எங்களைப் பதிவு செய்யுங்கள். ஜிஎஸ்டியில் 48ஆம் பிரிவின் கீழ் பதிவு பெற்ற பிராக்டிஷனர்கள் உண்டு. வியாபாரி போர்ட்டலிலேயே ஒருவரை நியமிக்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். வருமானவரியிலும் 2006-ல் வரி ரிட்டர்ன் தயாரிப்பாளர் திட்டம் வந்தது. பயிற்சி, அடையாள எண், கட்டணத்துக்கு உச்சவரம்பு எல்லாம் அதில் இருந்தன. தயாரிப்பாளரின் பெயரையும் எண்ணையும் எழுதும் கட்டம் ஐடிஆர் படிவத்தின் கடைசியில் இன்றும் இருக்கிறது, காலியாகவே போகிறது. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடும் ஒவ்வொருவரும் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்று சட்டமாக்குங்கள். மறைந்து தொழில் செய்பவருக்கு அதுவே தடை. நேர்மையாகச் செய்பவருக்கு அதுவே மரியாதை. கூடவே, ரிட்டர்ன் தாக்கலானதும் எந்தப் பிரிவில் எவ்வளவு கழிவு கோரப்பட்டது என்பதை ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத் தமிழில் அனுப்புங்கள். “80ஜிஜிசி நன்கொடை 1,50,000” என்று தன் மொழியில் படித்தால், எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் தராதவர் அன்றைக்கே வந்து கேட்பார்.

முதலாளிகளுக்கும் ஒன்று உண்டு. சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடும் சிறு நிறுவனங்களால், பிடித்த வரியைக் காட்டும் தொழிலாளியின் 26ஏஎஸ் படிவம் வெறுமையாக இருக்கிறது. அவருக்கு டிமாண்ட் வருகிறது. பிடித்த வரியைத் தொழிலாளியிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. அதை நிறுவ அவர் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறார். பிடித்ததைக் கட்டுங்கள், ஃபாரம் 16-ஐ ஜூன் 15-க்குள் கொடுங்கள்.

ஏற்கெனவே பொய்க் கழிவில் மாட்டிக்கொண்டவர்களை நாங்கள் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. பலர் நம்பி ஏமாந்தவர்கள். தெரிந்தே செய்த சிலருக்கும் திரும்பி வர வழி வேண்டும். திருத்திய ரிட்டர்னுக்கான காலம் தாண்டியிருந்தாலும், 2025-ல் வந்த மாற்றத்தின்படி புதுப்பித்த ரிட்டர்னை 48 மாதங்கள் வரை தாக்கல் செய்யலாம். முதல் 12 மாதங்களுக்குள் என்றால் கூடுதல் வரி 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். மேலே சொன்ன 40,000 உதாரணத்தில், முதல் ஆண்டிலேயே வந்தால் வரி, வட்டியோடு கூடுதலாகப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் ஆகும். 80,000 அபராதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். துறையின் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வருவது நல்லது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். இங்கே குறிப்பிட்ட வருமானவரிப் பிரிவு எண்கள் அந்தச் சட்டத்தினுடையவை.

எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் கட்டணப் பட்டியலைத் தமிழில் மேசைக்கு எதிரே ஒட்டுவார். போர்ட்டலில் வாடிக்கையாளரின் சொந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மட்டுமே இருக்கும். பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். ரிட்டர்னை வரிக்கு வரி படித்துக் காட்டிய பிறகே ஓடிபி கேட்பார். தாக்கல் செய்த நகலை அன்றே கையில் கொடுப்பார். பழைய ரிட்டர்னில் சந்தேகம் உள்ளவர்கள் அந்த ஆண்டின் ஃபாரம் 16, வங்கிக் கணக்கு விவரம், துறையிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றோடு வரலாம். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.