கூரை ஒழுகுது, வளைவு எதுக்கு?

சம்பளம் போட்ட வாரம் என்றால் நம்ம ஆட்களை யார் யாரோ தேடி வருவார்கள். கடைக்காரர் வருவார், சீட்டுப் பிடிக்கிற அக்கா வருவார், பள்ளி பஸ்காரர் வருவார். இவர்களுக்குப் பின்னால் ரசீதுப் புத்தகமும் பேனாவுமாக நாலு பேர் வந்து நிற்பார்கள். "அண்ணே, நம்ம கோயில் பழசாயிடுச்சு. புதுப்பிக்கப் போறோம். உங்க பேருல ஒரு ஐந்நூறு எழுதிக்கட்டுமா? ஒரே தடவையா வேணாம், பார்த்துக் குடுங்க." கேட்கிறவர் வெளியாள் இல்லை. கூட பால் வெட்டியவர், கூட குலை வெட்டியவர். முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்று சொல்வது?

இன்றைக்குப் பேசப்போவது தேவாலயத்தைப் புதுப்பிக்கிற சங்கதி. இந்து அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேரை மாற்றிப் படித்தால் உங்கள் மாரியம்மன் கோயில் கதையும் பாதிக்குமேல் இதுதான்.

பேராக் மாநிலத்தில் நம் கிறிஸ்தவ மக்களின் ஆலயங்கள் நேற்று முளைத்தவை அல்ல. ஈப்போ சிலிபினில் இருக்கும் லூர்து மாதா கோயிலைத் தெரியாத தமிழ்க் கத்தோலிக்கர் இந்த வட்டாரத்தில் உண்டா? இன்னும் பின்னால் போனால் பாகான் செராய். 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்தப் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தி, கோயிலையும் வயலையும் சேர்த்தே வளர்த்தார். அவரே பிறகு 1896இல் மலாக்கா மேற்றிராணியார் ஆனார். மெதடிஸ்டுகளும் லுத்தரன்களும் ஆங்கிலிக்கன்களும் தங்கள் தங்கள் வழியில் தமிழ்ச் சபைகளைக் கட்டினார்கள். தோட்டத்துக்குள் இருந்த சிற்றாலயங்களுக்கு வரலாறு எழுதினவர் யாருமில்லை. துரை கொஞ்சம் பலகையும் தகரமும் கொடுப்பார், லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிக் கட்டுவார்கள், மாதம் ஒருமுறை சாமியாரோ ஐயரோ மோட்டார் சைக்கிளில் வருவார். அவ்வளவுதான் வரலாறு.

துரை கொடுத்தார் என்றதும் பத்து காஜா ஞாபகம் வருகிறது. கெல்லி துரை மாளிகை கட்டும்போது கொள்ளை நோய் வந்து நம் ஆட்கள் மடிந்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் மேலே இன்றும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் சிலை ஒன்று நிற்கிறது. 1926இல் கெல்லி துரை லிஸ்பனில் செத்துப்போனார், மாளிகை முடியாமலே நின்றுபோனது. கோயிலில் மட்டும் விளக்கு எரிகிறது. ஏன்? மாளிகைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், கோயிலுக்கு ஊரே சொந்தம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழைய ஆலயம் எங்கிருந்து கெடுகிறது? எல்லாம் மேலிருந்துதான். ஒரு ஓடு நகர்ந்தால் மழைத்தண்ணீர் உத்திரத்துக்குப் போகும். ஈரமான உத்திரத்தைக் கரையான் மோப்பம் பிடித்து வரும். பீலி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரில் வழியும். கால்வாய் தூர்ந்தால் அதே தண்ணீர் அடிச்சுவரில் நிற்கும். சுவரில் பூஞ்சை பிடிச்சிருக்கு, பெயிண்ட் உரியுது என்று நாம் சொல்கிறோமே, அது நோயில்லை, நோயின் அடையாளம். நூறு வருஷத்துக்கு முந்திய செங்கல் சுவர்களைப் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை வைத்துத்தான் கட்டினார்கள். ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலையெல்லாம் சுண்ணாம்புக் கல்தான், அதை எரித்தெடுத்த சுண்ணாம்புக்கா பஞ்சம்? அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மூச்சு விடுகிற சுவர் அது. அதன்மேல் நாம் என்ன செய்கிறோம்? கெட்டியாகச் சிமெண்டு பூசி, அதற்கும் மேலே பளபளக்கிற எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கிறோம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில வருஷத்தில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. "பழைய கட்டடம், இனிமே தாங்காது, இடிச்சிடலாம்" என்று கமிட்டி முடிவு எடுப்பது அப்போதுதான். கட்டடத்தைக் கெடுத்தது வயசா, நாம் பூசிய சிமெண்டா என்று யாரும் கேட்பதில்லை.

அதற்கப்புறம் வரைபடம் வரும். பல கமிட்டிகள் இப்படி மாட்டிவைக்கிற வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் பெரிய வளைவு, அதன்மேல் கோபுரம், உள்ளே குளிர்சாதனம், தரைக்குப் பளிங்கு. கூரைக்கு என்ன, பீலிக்கு என்ன, கால்வாய்க்கு என்ன என்று படத்தில் தேடினால் கிடைக்காது. அது கண்ணுக்குத் தெரியாத வேலை. கல்வெட்டில் பேர் போட இடமில்லாத வேலை. வளைவு கட்டினால் உபயம் இன்னார் என்று போடலாம். பீலி மாற்றினால் எங்கே போடுவது?

இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. "வெயிலில் உட்கார முடியல, கக்கூஸுக்குப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கு, தாத்தா பாட்டிக்கு நாலு படி ஏற முடியல" என்கிறார்கள். உண்மைதான். படியோடு ஒரு சாய்தளம் போடுங்கள், நல்ல கழிவறை கட்டுங்கள், நாலு காத்தாடி மாட்டுங்கள். வளைவுக்கு ஆகிற செலவில் ஒரு பங்குகூட ஆகாது. நான் புதுசுக்கு எதிரியில்லை, வரிசைதான் தப்பு என்கிறேன்.

அந்த வரிசையில் கூரைக்கும் முன்னால் வரவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆலயத்து அறையில், பழைய அலமாரியில், தடித்த அட்டை போட்ட புத்தகங்கள் கிடக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. திறந்து பார்த்திருக்கிறீர்களா? பிள்ளையின் பேர், பிறந்த தேதி, அப்பன் ஆத்தா பேர், ஞானத் தகப்பன் பேர், சில சாமியார்கள் எந்தத் தோட்டம் என்றுகூட எழுதிவைத்திருப்பார்கள். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்பது இதிலிருந்துதான். கல்யாணம் முடிந்ததும் அதையும் அதே ஏட்டில் ஓரத்தில் குறித்து வைப்பார்கள்.

நம் ஜனங்களுக்கு இந்த ஏடு வெறும் சாமி காரியம் மட்டுமா? 1969க்குப் பிறகு, குடியுரிமைத் தாள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலைப் பெர்மிட் கேட்டபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டு ராஜூலாவில் போனவர்களை வழியனுப்பிய பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அது முடிந்துபோன கதையும் அல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாமல், ஐ.சி. இல்லாமல், பள்ளியில் சேரவும் வேலையில் சேரவும் அலைகிற நம் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், அப்பன் ஆபீஸுக்குப் போய்ப் பதியவில்லை, அப்புறம் தோட்டமே இல்லை. பிறப்பைத் தாமதமாகப் பதிய மனுச் செய்கிறபோது, இன்ன தேதியில் இன்னார் மகனாக இந்த ஊரில் பிறந்தான் என்று சொல்ல ஒரு துணைச் சான்று வேண்டுமே. அந்த ஏடு மட்டுமே ஐ.சி. வாங்கித் தந்துவிடாது. ஆனால் எந்தத் தாளும் இல்லாதவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பிடி! அந்த வரியைத்தான் பூச்சியும் ஈரமும் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே நாம் வளைவுக்கு வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எல்பில், ஹேவூட், டோவன்பி என்று சுங்கை சிப்புட் பக்கத்துப் பெயர்களைச் சொன்னால் நமக்கு மரமும் பிரட்டுக் களமும் கண்ணில் வரும். பேரப்பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்துப் பேர், அல்லது வெறும் சாலைப் பலகை. லயம் இடிந்தது, கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடத்தில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்து ஆபீஸ் பேரேடுகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மிச்சமிருக்கிற எழுத்து ஆலயத்தில்தான் இருக்கிறது.

இனிப் பணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில் வந்தது. மாதம் 26 நாள் என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஐந்நூறு வெள்ளி எழுது என்றால் ஏழு நாளுக்கு மேலான உழைப்பை எழுது என்று அர்த்தம். கடவுளுக்கு ஏழு நாள் கொடுக்கிறதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரன் எழுதிவிட்டானே என்று வெட்கப்பட்டுக் கொடுப்பதுதான் தப்பு. இந்த மேடையில் நின்று பேரையும் தொகையையும் வாசிக்கிற வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஐயாயிரம் கொடுத்த காண்டிராக்டருக்குக் கைதட்டல், பத்து வெள்ளி கொடுத்த விதவைத் தாய்க்கு மௌனம். ஏசுநாதர் யாரைப் பாராட்டினார் என்பது அந்த மேடையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாதா?

சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் நம் பாட்டிமார் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியாவின் வடகிழக்கில் மிசோ மக்கள் 1910இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கையை இன்றுவரை விடவில்லை, சபையின் பெரிய வருமானங்களில் அது ஒன்று. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம்ம ஆள், நம்ம பணம் என்பதுதான் ஏற்பாடு. 1912இல் தோர்ணக்கல்லில் பேராயர் ஆனார். அங்கே அவருடைய பேராலயம் பிரதிஷ்டையானது 1939இல். இருபத்தேழு வருஷம்! நம் கமிட்டி பதினெட்டு மாதத்தில் திறப்பு விழா என்று நோட்டீஸ் அடிக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் என்ன செய்தார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பங்குப் பணம் வாங்கினார். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் சொத்தானது. பால் வெட்டின கை தோட்டத்தையே வாங்கியது என்றால், ஒரு கூரையை மாற்ற முடியாதா? 150 குடும்பம் மாதம் பத்து வெள்ளி போட்டால் வருஷத்துக்கு 18,000. மூன்று வருஷத்தில் 54,000. கூரை, பீலி, கால்வாய், கரையான் மருந்து, இரும்பு அலமாரி என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகலாம். கடன் வேண்டாம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய் நன்றாக இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, திருவிழாவுக்குக் காரில் வருகிறவர்கள், அவர்களிடம் ஐம்பது நூறு என்று மாதாமாதம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். வரவு செலவை மாதம் ஒரு தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று, ஒரு காசு வசூலிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. நிலம் யார் பேரில்? மேற்றிராசனம் அல்லது சபையின் பேரில் பட்டா இருந்தால் கவலையில்லை. தோட்டத்துச் சிற்றாலயம் என்றால் நிலம் பெரும்பாலும் கம்பெனியுடையது. துரை வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடம். கம்பெனி கை மாறினால் புதுச் சொந்தக்காரருக்கு அந்த வாய்ச்சொல் தெரியாது. இந்த வலியைக் கிறிஸ்தவர்களைவிட இந்து அன்பர்கள் அதிகம் பட்டிருக்கிறார்கள். ஆகவே நில ஆபீஸில் தேடிப் பார்க்காமல் கல் எடுத்துவைக்க வேண்டாம். இஸ்லாம் அல்லாத வழிபாட்டு இல்லங்களுக்கு வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு உதவி நிதி கொடுப்பதும் உண்டு. மனுப் போடப் போகிறவர் பட்டாவின் நகலைக் கையோடு எடுத்துப் போகட்டும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஈப்போ வட்டாரத்தில் சாயங்கால மழை விடாது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தேநீருக்குப் போகிறதுக்கு முன்னால், கமிட்டியில் இரண்டு பேர் சாமியாரிடமோ ஐயரிடமோ அனுமதி கேட்டு அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள். ஏடுகளைத் தரையிலிருந்து தூக்கி, ஈரமில்லாத அறையில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஆலய ஆபீஸில் பத்திரப்படுத்துங்கள், வெளியே அனுப்ப வேண்டாம். அதற்கு ரசீதுப் புத்தகம் தேவையில்லை. ஏணி இருந்தால் அப்படியே பீலியையும் எட்டிப் பார்த்துவிடுங்கள், அநேகமாக இலை அடைத்திருக்கும்.