நாற்பது வரி நிரலும் நம் ஆய்வகங்களின் அலட்சியமும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் நெருக்கமான கடைகளில் ஓர் அர்டுயினோ பலகையும் சர்வோ மோட்டாரும் இரண்டு உணரிகளும் வாங்க அரைநாள் போதும். அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் சிறு நிரலைத் தானே எழுத ஒரு மாணவர் முனைந்தால்தான் தடை எழுகிறது. "ஆயத்தமாகக் கிடைப்பதை மறுபடி எழுதுவானேன்? இதற்கு மதிப்பெண் இல்லை" என்பது வழிகாட்டிகள் பலரின் விடை. அறிவுரைபோல் ஒலிக்கும் இவ்விடை ஆய்வையே பழுதாக்கக்கூடியது.

ஊசல் சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலகை 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை கோணத்தை அளந்து, வரிமுடிவுக் குறிகள் உட்பட 20 எழுத்துகள் கொண்ட ஒரு வரியாகக் கணினிக்கு அனுப்பவேண்டும். வேகம் 9600 பாட். வழக்கமான அமைப்பில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட்டுகள் செலவாகும். ஆக வினாடிக்கு 960 எழுத்துகளே செல்லும். ஒரு வரி சென்றுசேர ஏறத்தாழ 21 மில்லிவினாடி. இடைநினைவகம் நிரம்பியதும் பலகை காத்து நிற்கும். அளவீடும் அதனுடன் காத்து நிற்கும். இதை அறியாதவர் வரி எண்ணைப் பத்தால் பெருக்கிக் கால நிரலை நிரப்புவார். அலைவுக்காலம் பாதிக்கும் கீழே குறையும். அதிலிருந்து கணிக்கும் புவியீர்ப்பு முடுக்கம் நான்கு மடங்கைத் தாண்டும்.

நான்கு மடங்கு என்றால் எவரும் கண்டுபிடித்துவிடுவர். ஐந்து விழுக்காடு பிழையானால்? அது 'கருவிப் பிழை' என்ற தலைப்பின்கீழ் ஆய்வேட்டில் அமைதியாக இடம்பெற்றுவிடும்.

ஆயத்தக் கருவிகள் இருக்கின்றனவே என்பது எதிர்வாதம். இருக்கின்றன. அர்டுயினோவின் சீரியல் மானிட்டர், புட்டி, மினிகாம் ஆகிய மூன்றும் பலகை உயிரோடிருக்கிறதா என்று பார்க்கச் சிறந்தவை. ஆனால் அவை மனிதன் தட்டச்சிட்டு மனிதன் படிப்பதற்கானவை. முந்நூறு கட்டளைகளை ஒரே ஒழுங்கில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் வந்த விடையை நேரத்துடன் பதிவுசெய்து, விடை வராதபோது நின்றுவிடும் வேலை ஆய்வாளருடையது. திரையிலிருந்து எண்களை நகலெடுத்து அட்டவணையில் ஒட்டும் பழக்கத்திற்குச் சோதனை என்று பெயர் சூட்டுவது மிகை. விலையுயர்ந்த அலைக்காட்டியுடன் வரும் தரமான மென்பொருளை எவரும் மறுபடி எழுதவேண்டியதில்லை; இங்குப் பேசப்படுவது மாணவர் தாமே இணைத்த கருவி.

அத்தகைய கருவியின் முதல் பாடமே பல ஆய்வகங்களில் நிகழாமற்போகிறது. யூனோ பலகையின் தொடர் இணைப்பைக் கணினி திறந்தவுடன் டி.டி.ஆர். என்னும் சமிக்ஞைக் கம்பி அப்பலகையை மறுதொடக்கம் செய்கிறது. அடுத்த ஓரிரு வினாடிகளில் அனுப்பப்படும் கட்டளை பெரும்பாலும் தொலைந்துபோகும். மோட்டார் அசையாது. மாணவர் மோட்டாரைச் சந்தேகித்து மீண்டும் எஸ்.பி. ரோட்டுக்குப் பேருந்து ஏறுவார். நிரலில் ஒரு வரிக் காத்திருப்பு அப்பயணத்தைத் தவிர்த்திருக்கும்!

இவ்வேலை அறிவியலாளரின் தகுதிக்குக் கீழானது என்போர் தில்லியைப் பார்க்கலாம். துகள்முடுக்கிகளை இயக்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம்தான் ஃபீனிக்ஸ் திட்டத்தையும் அதன்வழி எக்ஸ்ப்ஐஸ் என்ற சிறு கருவியையும் மாணவருக்காக உருவாக்கியது. ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதற்குப் பைத்தான் மொழியிலிருந்து செல்லும் கட்டளைகள், திரும்பி வரும் எண்கள்: அடிப்படை இவ்வளவே. மின்சுற்று வரைபடமும் நிரலும் திறந்தே வைக்கப்பட்டுள்ளன. இயற்பியலாளர்கள் இதைச் சில்லறை வேலையாகக் கருதவில்லை.

நம் வாய்மொழித் தேர்வுகளிலோ இயங்கும் மாதிரியையே கேட்கிறார்கள். இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தது யார், பலகையா கணினியா என்று கேட்கும் தேர்வாளர் அரிது. விளக்கு எரிந்தால் கையொப்பம் விழுந்துவிடுகிறது.